ஷார்ட்கட் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அண்ணே, கீபோர்டு கேடாயிட்டு, புதுசு ஒண்ணு கொண்டு வாங்க." மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை டிடிபி சென்டர், ஃபிளெக்ஸ் கடை, ஸ்டூடியோ, கணக்கெழுதும் ஆபீஸ் என்று எங்கிருந்து ஃபோன் வந்தாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் கீபோர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தட்டிய கீயை நடுவழியில் வேறொன்று வாங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால், அந்தக் கீக்கு இந்த மென்பொருள் வேறு வேலை கொடுத்து வைத்திருக்கும்.

கீ போகிற வழியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் எஃப்என் கீ. அடுத்தது விண்டோஸ். அப்புறம் பின்னணியில் ஓடும் சின்ன மென்பொருட்கள். தமிழ் டைப்பிங் மென்பொருளும் இதில் ஒன்று. இணையத்தில் வேலை என்றால் பிரவுசர் குறுக்கே நிற்கும். எல்லாம் தாண்டித்தான் உங்கள் மென்பொருளுக்குப் போய்ச் சேரும். அங்கேயும் கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்குத்தான் முதல் உரிமை. வழியில் யார் வேண்டுமானாலும் கீயை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

படிக்கும்முன் ஒரு ஏற்பாடு. ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் தமிழில் "டி" என்றுதான் வரும், இரண்டு எழுத்துகள் "பி" என்றுதான் வரும். ஃபோனில் வழி சொல்லும்போது நான் "டெல்லி டி, தக்கலை டி, பாம்பே பி, பேச்சிப்பாறை பி" என்று சொல்வேன். இங்கேயும் அப்படியே.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

நோட்பேடைத் திறந்து நாலு வார்த்தை அடியுங்கள். கன்ட்ரோல்+ஏ தட்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், கன்ட்ரோல்+சி தட்டுங்கள், கீழே வந்து கன்ட்ரோல்+வி தட்டுங்கள். வரிகள் இரண்டாக வந்தால் கீபோர்டும் விண்டோஸும் சரி. கோளாறு மென்பொருள் பக்கம். வரவில்லையென்றால் விண்டோஸ் கீ+கன்ட்ரோல்+ஓ தட்டினால் திரையில் ஒரு கீபோர்டு வரும். ஷார்ட்கட்டே வேலை செய்யவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறக்கலாம். கையால் ஒவ்வொரு கீயாகத் தட்டும்போது திரையில் அதே கீ நிறம் மாற வேண்டும். மாறாத கீதான் உண்மையில் கேடு. புதுக் கீபோர்டு வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

அறிகுறி: எஃப் கீ தட்டினால் வெளிச்சம் கூடுகிறது, சத்தம் குறைகிறது

கணக்கு மென்பொருளான டேலியை டெஸ்க்டாப்பில் பழகிவிட்டு லேப்டாப்புக்கு மாறியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதில் மாட்டுவார்கள். விற்பனை பில் போட எஃப்8 தட்டுகிறார். பில் திறக்காமல் லேப்டாப் வேறு ஏதோ செய்கிறது. புது லேப்டாப்களில் மேல்வரிசைக் கீகளுக்கு வெளிச்சம், சத்தம், வைஃபை போன்ற வேலைகளைத்தான் முதலில் கொடுத்து அனுப்புகிறார்கள். எஃப்8 என்று வேண்டுமானால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

நாள் முழுக்க எஃப் கீயில் வேலை செய்கிறவர் இதை நிரந்தரமாக மாற்றிவிடுவது நல்லது. லெனோவோ, டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்என்+எஸ்கேப் தட்டினால் மாறும். எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான் அடையாளம். எச்பியில் மெஷின் ஆன் ஆகும்போது எஃப்10 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முந்தைய அடிப்படை செட்டிங்) போய் "ஆக்ஷன் கீஸ் மோட்" என்பதை அணைக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: எல்லாம் ஒரே நேரத்தில் கிறுக்குப் பிடித்தது போல நடக்கிறது

ஒரு எழுத்து அடித்தால் எல்லாம் தேர்வாகிறது, இன்னொன்று அடித்தால் பிரிண்ட் பெட்டி வருகிறது என்றால் கன்ட்ரோல் கீ அழுந்தியபடி நிற்கிறது என்று அர்த்தம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போலக் கடலை ஒட்டிய கடைகளில் உப்புக்காற்றில் கீயின் அடியில் பிசுபிசுப்பு சேர்ந்து இப்படி ஆவதுண்டு. இரண்டு பக்கக் கன்ட்ரோல் கீயையும் ஒரு தடவை நன்றாகத் தட்டிவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் ஸ்டிக்கி கீஸ் ஆன் ஆகியிருக்கலாம். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் அதைப் பற்றிக் கேட்கும். என்னவென்று படிக்காமல் "ஆம்" கொடுத்துவிடுவார்கள். கீ தட்டித் தட்டிப் பார்த்தாலும் தாமதமாகத்தான் எழுத்து வருகிறதென்றால் அது ஃபில்டர் கீஸ். வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் வருவது. இரண்டையும் செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி, கீபோர்டு என்ற இடத்தில் அணைக்கலாம். ஒரு கையால் மட்டும் டைப் செய்ய முடிகிறவருக்கு ஸ்டிக்கி கீஸ் பெரிய உதவி. பலர் பயன்படுத்தும் மெஷினாக இருந்தால் அணைக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எக்ஸலில் மட்டும் அம்புக் கீ தட்டினால் கட்டம் நகராமல் ஷீட்டே நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக். லேப்டாப்பில் அந்தக் கீ இல்லையென்றால் மேலே சொன்ன திரைக் கீபோர்டில் இருக்கும்.

அறிகுறி: தமிழில் அடிக்கும்போது மட்டும் ஷார்ட்கட் போய்விடுகிறது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிட ஒரு பங்கு கூடுதல். களியக்காவிளை, குழித்துறை பக்கக் கடைகளில் ஒரே மெஷினில் ஆங்கிலம், தமிழ், மலையாளம் மூன்றும் இருக்கும். கல்யாணக் கார்டு தமிழில், அடுத்த வாடிக்கையாளரின் திறப்புவிழா நோட்டீஸ் மலையாளத்தில். மொழி மாற்ற விண்டோஸ் வைத்திருக்கும் பழைய கீ, இடது ஆல்ட்+ஷிஃப்ட்.

இப்போது ஃபோட்டோஷாப்பில் நடப்பதைப் பாருங்கள். ஒரு படத்தை நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிதாக்க, ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் அழுத்திக்கொண்டு மவுஸால் இழுப்பது பழைய பதிப்பில் பழகிய ஸ்டூடியோக்காரர்களின் கைப்பழக்கம். இழுத்து முடித்துக் கையை எடுத்த நொடியில் விண்டோஸ், "மொழி மாற்றச் சொன்னார்" என்று எடுத்துக்கொண்டு தமிழுக்குப் போய்விடும். திரையில் எதுவும் தெரியாது. டாஸ்க்பாரின் ஓரத்தில் மட்டும் எழுத்து மாறியிருக்கும். அடுத்து மூவ் டூலுக்கு வி தட்டினால், தமிழ்99 கீபோர்டு அமைப்பில் அந்த இடத்தில் இருப்பது "வ". டூல் மாறாது. எழுத்துப் பெட்டி திறந்திருந்தால் படத்தின் நடுவில் ஒரு "வ" வந்து உட்காரும். டிசைன் மென்பொருளான கோரலில் நடுவிலிருந்து சதுரமோ வட்டமோ இழுத்து வரையும்போது ஷிஃப்ட்டும் கன்ட்ரோலும் சேரும். விண்டோஸில் கன்ட்ரோல்+ஷிஃப்ட் என்பது ஒரே மொழிக்குள் கீபோர்டு அமைப்பை மாற்றும் கீ. தமிழுக்கு ஃபொனெடிக் (ஆங்கில எழுத்தின் ஒலிப்படி அடிப்பது), தமிழ்99 இரண்டும் போட்டிருந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். "காலையில சரியா அடிச்சேன், இப்போ எழுத்து மாறிப் போச்சு" என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த இழுவைதான்.

சரிசெய்ய: செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று போங்கள். அங்கே "இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்" என்று ஒரு இணைப்பு. உள்ளே கீ வரிசையை மாற்றும் பொத்தானைத் தட்டி, மொழிக்கும் அமைப்புக்கும் இரண்டுக்குமே "நாட் அசைண்ட்" கொடுத்துவிடுங்கள். இனி மொழி மாற்ற விண்டோஸ் கீ+ஸ்பேஸ்பார் மட்டும். அதே பக்கத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைக்கும் வசதியும் இருக்கிறது. வேர்டில் தமிழ், ஃபோட்டோஷாப்பில் ஆங்கிலம் என்று நிற்கும். டிடிபி கடைக்கு இதை நான் கட்டாயம் ஆன் செய்து கொடுப்பேன்.

என்எச்எம் ரைட்டர் போல ஆல்ட்+எண் தட்டித் தமிழுக்குப் போகும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும் வரை ஆல்ட்+2 அதன் கைக்குப் போகும். ஏதோ காரணத்தால் அது ஓடவில்லையென்றால் ஆல்ட்+2 நேராக வேர்டுக்குப் போய்விடும். வேர்டில் ஆல்ட்டோடு எண் தட்டினால், மேலே இருக்கும் குவிக் அக்ஸஸ் பட்டியின் அத்தனையாவது பொத்தானைத் தட்டியதாகக் கணக்கு. பல வேர்டு பதிப்புகளில் அந்தப் பட்டியின் வரிசை சேவ், அன்டூ (செய்ததை நீக்குவது), ரீடூ (நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருவது). ஆகவே "தமிழ் வரமாட்டேங்குதே" என்று ஆல்ட்+2 தட்டத் தட்ட, ஏற்கெனவே அடித்தது ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா நோட்டீஸில் பாதி நிகழ்ச்சி நிரல் காணாமல் போனால் வைரஸைத் தேடாதீர்கள். கன்ட்ரோல்+ஒய் தட்டினால் திரும்ப வரும். ஆனால் நடுவில் ஒரு எழுத்து புதிதாக அடித்திருந்தால் வராது. தமிழ் மென்பொருளை விண்டோஸ் தொடங்கும்போதே தானாக ஓடும்படி வைப்பதும், பட்டியில் அன்டூவை ஐந்தாவது ஆறாவது இடத்துக்குத் தள்ளுவதும் நிரந்தர வழி.

ரூபாய்க் குறி வரவில்லை என்பதும் இந்தப் பிரிவில்தான் சேரும். 2010ல் அந்தக் குறி வந்தபின் விண்டோஸின் இங்லிஷ் (இந்தியா) அமைப்பில் வலது ஆல்ட்+4 தட்டினால் வரும்படி செய்தார்கள். உங்கள் மெஷினில் அமெரிக்க அமைப்பு இருந்தால் ஒன்றும் வராது. கீபோர்டில் 4க்குப் பக்கத்தில் குறி அச்சடித்திருக்கிறதே என்று கேட்காதீர்கள். கீயின் மேல் அச்சடித்திருப்பதை விண்டோஸ் பார்ப்பதில்லை.

அறிகுறி: அதே கீ, ஆனால் வேறு வேலை நடக்கிறது

இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கீ சரியான மென்பொருளுக்குத்தான் போயிருக்கிறது. அதன் அகராதி வேறு. தொல்லையில் பெரியதும் இதுதான், ஏனென்றால் திருத்துவதற்கு ஒரு செட்டிங் கிடையாது.

டெல்லி டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோரலில் கன்ட்ரோல்+டி தட்டினால் தேர்ந்தெடுத்த பொருளுக்கு நகல். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் வெளியிலிருந்து படம் கொண்டுவந்து வைக்கும் கீ. ஃபோட்டோஷாப்பில் தேர்வை நீக்கும். வேர்டில் எழுத்துரு பெட்டி திறக்கும். எக்ஸலில் மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழே நிரப்பும். பிரவுசரில் புக்மார்க். இத்தனையும் பரவாயில்லை, தப்பாகத் தட்டினாலும் சேதமில்லை. ஆனால் விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அதே கீ ஃபைலை அழிக்கும். ஃபிளெக்ஸ் கடையில் நாள் முழுக்கக் கோரலில் நகல் எடுத்த கை, டெஸ்க்டாப்பில் இருக்கும் டிசைன் ஃபைலுக்கு ஒரு நகல் எடுக்கலாமென்று அதே கீயைத் தட்டுகிறது. ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அங்கேயே கன்ட்ரோல்+இசட் தட்டினால் திரும்பிவிடும். வாடிக்கையாளரின் பென்டிரைவில் இருக்கும் ஃபைல் என்றால் ரீசைக்கிள் பின் கிடையாது, "நிரந்தரமாக அழிக்கவா?" என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் நின்று படியுங்கள்.

க்யூ இதைவிட வேடிக்கை. கோரலில் கன்ட்ரோல்+க்யூ எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றும். பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும் ஒவ்வொருவரும் இதைத் தட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் நம் தமிழ் எழுத்துரு அவர்கள் மெஷினில் இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். இதே கீ பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் மென்பொருளையே மூடும் கீ. சேவ் செய்யவா என்று கேட்கும்போது, அவசரத்தில் எல்லாப் பெட்டிக்கும் "நோ" தட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கோரலுக்குள்ளும் ஒரு ஆபத்து உண்டு. கோட்டு வடிவமாக மாற்றிச் சேவ் செய்து மூடிவிட்டால், அப்புறம் "மண்டைக்காடு" என்பதில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தாலும் திருத்த முடியாது. மறுபடி அடிக்க வேண்டும். எழுத்தாக இருக்கும் ஃபைலை ஒரு பெயரிலும் பிரஸ்ஸுக்குப் போவதை வேறு பெயரிலும் வைப்பதைத் தவிர வழியில்லை.

அன்டூவுக்குக் கன்ட்ரோல்+இசட் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். செய்ததைத் திரும்பக் கொண்டுவருவதில் ஒத்துப்போக மாட்டார்கள். வேர்டு, எக்ஸலில் கன்ட்ரோல்+ஒய். கோரல், ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இசட். அங்கே போய் ஒய் தட்டினால் கோரலில் கிரிட்டோடு ஒட்டும் வசதி ஆன் ஆகும். அதற்கப்புறம் பொருளை நகர்த்தினால் துள்ளித் துள்ளிப் போகும், ஏனென்று புரியாது. இல்லஸ்ட்ரேட்டரில் நிறமெல்லாம் மறைந்து வெறும் கோடாகத் தெரியும். ஃபோட்டோஷாப்பில் படத்தின் நிறம் லேசாக மங்கும். அது பிரிண்ட் எப்படி வருமென்று காட்டும் முன்தோற்றம். மூன்றிலும் மருந்து ஒன்றுதான்: அதே கீயை இன்னொரு தடவை தட்டுங்கள், பழையபடி ஆகிவிடும்.

ஏன் இப்படி ஆயிற்று? கட், காப்பி, பேஸ்ட் என்ற முறையை 1970களில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். பின்னர் அவர் ஆப்பிளுக்குப் போனார். 1984ல் வந்த மேக்கிண்டாஷில் இசட், எக்ஸ், சி, வி என்று கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் நாலு கீகளில் இந்த வேலைகள் உட்கார்ந்தன. ஐபிஎம் 1987ல் வேறொரு பொது விதித்தொகுப்பு கொண்டுவந்தது: வெட்ட ஷிஃப்ட்+டெலிட், நகலுக்குக் கன்ட்ரோல்+இன்செர்ட், ஒட்ட ஷிஃப்ட்+இன்செர்ட், உதவிக்கு எஃப்1, மூட ஆல்ட்+எஃப்4. முதலில் அந்தப் பாதையில் போன விண்டோஸ், 1992ல் வந்த 3.1ல் எக்ஸ், சி, வியையும் எடுத்துக்கொண்டது. பழையதை விடவுமில்லை. இன்றைக்கும் நோட்பேடில் ஷிஃப்ட்+டெலிட் தட்டினால் வெட்டும். எக்ஸ்ப்ளோரரில் அதையே தட்டினால் ஃபைலை ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அனுப்பாமல் அழிக்கும்.

அந்தச் சில கீகளைத் தாண்டினால் பொதுவான உடன்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குள் ஒழுங்காக இருக்கிறது. டேலியைப் பாருங்கள், எந்தத் திரையிலும் கன்ட்ரோல்+ஏ என்றால் "சரி, பதிவு செய்". டேலியில் மட்டும் இருப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையில் எடைக் கணக்கை எக்ஸலிலும் பில்லை டேலியிலும் போடுகிறவரைக் கேளுங்கள். எக்ஸலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கத் தட்டும் அதே கீயை டேலியில் தட்டினால் பாதி முடிந்த பில் பதிவாகிவிடும். கீபோர்டு ஒழுங்கை ஒரு மென்பொருளுக்குள் மட்டும் அளப்பதில் பயனில்லை என்பது என் கட்சி. ஒருவரின் மேசையில் ஒரு நாளில் எதற்கு அடுத்து எது திறக்கிறது என்று வைத்து அளக்க வேண்டும். சரிசெய்வதற்கும் இதையே வழியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் கடையில் மாறி மாறித் திறக்கும் மென்பொருட்கள் எவை என்று பாருங்கள், அவற்றில் மோதும் கீகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள். ஷார்ட்கட் பட்டியல் முழுவதையும் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

அறிகுறி: பாதி நிரப்பிய ஃபாரம் காணவில்லை

இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் எல்லாக் கடைகளிலும் நடப்பது. வேர்டில் வலப்பக்கம் ஒதுக்குவது கன்ட்ரோல்+ஆர். பிரவுசரில் பக்கத்தை மறுபடி ஏற்றுவது. நிரப்பியது பெரும்பாலும் போய்விடும். கன்ட்ரோல்+டபிள்யூ தட்டினால் பக்கமே மூடும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+தக்கலை டி தட்டினால் பக்கம் திரும்ப வரும். ஆனால் ஃபாரத்தில் எழுதியது வருமா என்பது அந்த இணையதளத்தைப் பொறுத்தது. லாகின் தேவைப்படும் தளங்களில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

முன்பெல்லாம் பேக்ஸ்பேஸ் தட்டினாலே பிரவுசர் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். கர்சர் கட்டத்துக்குள் இருப்பதாக நினைத்துப் பேக்ஸ்பேஸ் தட்டி ஃபாரத்தை இழந்தவர்கள் உலகம் முழுக்க இருந்ததால் 2016ல் குரோம் அதை எடுத்துவிட்டது. இப்போது ஆல்ட்+இடது அம்பு. கூகுள் டாக்ஸில் வலப்பக்கம் ஒதுக்கக் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர். பெரிய ஃபாரம் என்றால் நீளமான பதில்களை நோட்பேடில் அடித்துவிட்டு ஒட்டுவதே பாதுகாப்பு.

என்டர் தட்டினால் பாதிச் செய்தி போய்விடுகிறது என்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப் வெப்பில் அடுத்த வரிக்கு ஷிஃப்ட்+என்டர், எக்ஸல் கட்டத்துக்குள் ஆல்ட்+என்டர். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அடிக்கும்போது பெரிய என்டர் அடுத்த வரி; எண் பக்கத்து என்டர் எழுத்தை முடித்து வெளியே வரும்.

அறிகுறி: நேற்று வரை வேலை செய்தது

மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறியிருக்கும். டேலி ஈஆர்பி 9லிருந்து 2020 நவம்பரில் வந்த டேலி பிரைமுக்கு மாறியவர்களுக்குக் கிரெடிட் நோட் கன்ட்ரோல்+எஃப்8லிருந்து ஆல்ட்+எஃப்6க்குப் போயிற்று, டெபிட் நோட் கன்ட்ரோல்+எஃப்9லிருந்து ஆல்ட்+எஃப்5க்கு. பழைய கீ சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. பிரைமில் கன்ட்ரோல்+எஃப்8 என்றால் சேல்ஸ் ஆர்டர். திரையின் மேலே என்ன வவுச்சர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தொகை போடும் பழக்கம் வந்தால்தான் தப்பிக்கலாம்.

ஃபோட்டோஷாப்பில் பல வருடம் கன்ட்ரோல்+இசட் தட்டினால் ஒரு படிதான் பின்னால் போகும். இன்னொரு தடவை தட்டினால் முன்னால் வரும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் அதை மற்ற மென்பொருட்களைப் போல, தட்டத் தட்டப் பின்னால் போகும்படி மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் முன்னும் பின்னும் தட்டித் தட்டித் திருத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஸ்டூடியோக்காரர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பெட்டியில் பழைய அன்டூ முறைக்குப் போக ஒரு டிக் பெட்டி வைத்தார்கள். டிக் செய்து மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

கோரலில் எல்லாக் கீயும் மாறியிருந்தால் யாரோ வொர்க்ஸ்பேஸை (கீ, மெனு, பட்டிகளின் மொத்த அமைப்பு) மாற்றியிருக்கிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் பழகியவர்களுக்கென்றே அதில் ஒரு வொர்க்ஸ்பேஸ் உண்டு. ஆப்ஷன்ஸில் போய் பழையதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் எஃப்8ஐ அழுத்திப் பிடித்தபடி கோரலைத் திறந்தால் எல்லாம் முதல் நாள் நிலைக்குத் திரும்பும். நீங்களே அமைத்து வைத்த கீகளும் அதோடு போய்விடும்.

அறிகுறி: திரையே தலைகீழாகிவிட்டது

பழைய இன்டெல் டிரைவர் உள்ள மெஷினில் கன்ட்ரோல்+ஆல்ட்+கீழ் அம்பு தட்டியிருக்கிறீர்கள். மேல் அம்பு தட்டுங்கள்.

கீயை மாற்றி அமைப்பது: எவ்வளவு தூரம்?

வேர்டில் ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன், அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று போனால், ஒரு கீயைத் தட்டியதும் அது இப்போது எதற்கு இருக்கிறதென்று காட்டும். லிப்ரெஆபீஸில் டூல்ஸ், கஸ்டமைஸ். கோரல், ஃபோட்டோஷாப் இரண்டிலும் இதே போன்ற பெட்டி உண்டு. கோரலோடு ஃபோட்டோஷாப்பையும் திறந்து வைத்திருப்பவர், ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்+க்யூவை எடுத்துவிடுவது நல்ல காரியம். மூட ஆல்ட்+எஃப்4 இருக்கிறது. உள்ளே மாற்ற வழியில்லாத மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவச பவர்டாய்ஸில் இருக்கும் கீபோர்டு மேனேஜர். ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் ஒரு ஷார்ட்கட்டை வேறொன்றாக மாற்ற அது விடும். அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு மேல் போகாதீர்கள் என்பேன். கடை மெஷினில் உங்கள் இஷ்டத்துக்கு இருபது கீ மாற்றி வைத்தால், மறுநாள் உட்காரும் பையன் திணறுவான். நீங்களே வேறு கடைக்குப் போனால் உங்கள் கையும் திணறும். தப்பாகத் தட்டினால் சேதம் வருகிற கீயை மாற்றுங்கள். எரிச்சல் மட்டும் தருகிறதை விட்டுவிடுங்கள்.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

நம் மாவட்டத்து எஞ்சினியரிங் காலேஜ்களில் படித்துவிட்டு இங்கேயே இருந்து பில்லிங், சர்ச் கணக்கு, ஸ்கூல் ஃபீஸ் என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களின் மென்பொருளைக் கடையில் நிறுவிக் கொடுப்பவன் என்ற முறையில் சில வார்த்தை.

ஏ, சி, எக்ஸ், வி, இசட், எஸ், எஃப், பேச்சிப்பாறை பி ஆகியவற்றோடு வரும் கன்ட்ரோல் ஷார்ட்கட்டுகளில் கை வைக்காதீர்கள். உங்கள் பில்லைச் சேவ் செய்ய எஃப்10 எவ்வளவு வசதியாக இருந்தாலும் கன்ட்ரோல்+எஸ்ஸும் வேலை செய்யட்டும். ரீடூவுக்கு ஒய், ஷிஃப்ட்+இசட் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தகராறே வேண்டாம். கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கையைத் தவிருங்கள், வலது ஆல்ட்டை விண்டோஸ் அப்படித்தான் பார்க்கிறது. ரூபாய்க் குறி அடிக்கப் போனவர் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்துவிடுவார். பதிப்பு மாற்றும்போது பழைய கீயை உடனே வேறு வேலைக்குக் கொடுக்காமல், யாராவது தட்டினால் "இது இப்போது ஆல்ட்+எஃப்6" என்று ஒரு வரி காட்டுங்கள். மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் அதன் ஷார்ட்கட்டை எழுதுங்கள். ஊழியர்கள் கீயைப் பழகுவது அங்கே தினமும் கண்ணில் பட்டுத்தான், உங்கள் உதவிப் பக்கத்தைப் படித்தல்ல.

வெறும் ஒற்றை எழுத்தை ஷார்ட்கட்டாக வைப்பது இணைய மென்பொருளில் இப்போது அதிகம். 2018ல் வந்த வெப் அணுகல்தன்மை விதி 2.1ல் இதற்கென்றே ஒரு பிரிவு, 2.1.4. அப்படிப்பட்ட கீயை அணைக்கவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும், அல்லது அந்தப் பகுதியில் கர்சர் இருக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டும். குரலால் டைப் செய்பவர் பேசும் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகிவிடக் கூடாது என்பது முக்கியக் காரணம். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரவுசர் ஒரு கீயைப் பற்றி இரண்டு தகவல் தருகிறது: அதிலிருந்து வந்த எழுத்து எது, கீபோர்டில் அது எந்த இடத்துக் கீ. எழுத்தை மட்டும் பார்த்து எழுதிய நிரல், தமிழ் ஆன் ஆகியிருந்தால் எச்சுக்குப் பதில் "க" வருவதைப் பார்த்துச் சும்மா இருக்கும். இடத்தை மட்டும் பார்த்து எழுதினால் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும் ஜெர்மன் கீபோர்டில் அன்டூ தவறும். வந்தது ஆங்கில எழுத்தாக இருந்தால் எழுத்தைப் பாருங்கள், இல்லையென்றால் இடத்தைப் பாருங்கள், இரண்டும் சமாளிக்கப்படும். கடைக்கு அனுப்பும்முன் தமிழ்99ஐயும், முடிந்தால் மலையாளத்தையும் ஆன் செய்து வைத்துக்கொண்டு உங்கள் ஷார்ட்கட் ஒவ்வொன்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.